காம்ரேட், கம்பேனியன்: எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்?

வைகைக்கரை:

வணக்கம். முதல் உலகப்போரின்போது பிரான்சில் இருந்த ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அவர் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த தாள்கள். பெரும்பாலும் எளிய ஆங்கிலம்தான். ஆனால் இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் என்னை நிறுத்திவிடுகின்றன. ஒன்று காம்ரேட், மற்றொன்று கம்பேனியன். என்னிடம் உள்ள அகராதி இரண்டுக்கும் தோழர், கூட்டாளி, துணைவர் என்றே பொருள் தருகிறது. வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

நான் தடுமாறும் இடங்கள் இவை. பீரங்கிக் குண்டில் இறந்துபோன ஒருவனை இரவோடு இரவாகப் புதைத்ததை எழுதும்போது அவனைக் காம்ரேட் என்கிறார். விடுப்பில் வரும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வயதான பாதிரியாரைக் கம்பேனியன் என்கிறார். பாத் நகரில் இருக்கும் அத்தையோடு ஒரு பெண்மணி வசிக்கிறார், அவரும் கம்பேனியன். ஒவ்வொரு கடிதத்திலும் அத்தைக்கு அடுத்தபடி அவரைத்தான் விசாரிக்கிறார். ஓர் இடத்தில் ஜெர்மானியச் சிப்பாய்கள் கையைத் தூக்கிக்கொண்டு "காமராட்!" என்று கத்தியபடி வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தோழர் என்று போட்டால் போதும், வாசகருக்குக் குழப்பம் இருக்காது என்கிறார் பதிப்பாசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பையன் ஓரிடத்தில்கூட ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதவில்லை. சேற்றில் உட்கார்ந்துகொண்டு அவன் பிரித்து எழுதியதை, மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் கலந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஆங்கிலம் நன்கு அறிந்தவர்கள் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டும்.

திருச்சி ஆசிரியர்:

அம்மா, பதிப்பாசிரியரிடம் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவை இரண்டும் வேறு வேறு உறவுகள்.

காம்ரேட் படைவீட்டில் பிறந்த சொல். ஸ்பானிய மொழியில் காமரா என்றால் அறை. ஓர் அறையில் சேர்ந்து தங்கிய சிப்பாய்களின் கூட்டத்துக்குக் காமராதா என்று பெயர். பின்னர் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் அதுவே பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நாம் படம் பிடிக்கும் கேமராவும் அதே அறையிலிருந்து வந்த சொல்தான். கம்பேனியன் அதைவிட ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது. லத்தீனில் பானிஸ் என்றால் ரொட்டி. சேர்ந்து ரொட்டி தின்பவன் கம்பேனியன்.

ஆனால் வேரை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க முடியாது. இன்றைய வழக்கைப் பார்க்க வேண்டும். கம்பேனியனுக்கு உடனிருப்புதான் உயிர். அதனால்தான் மனிதரல்லாதவற்றுக்கும் அது பொருந்துகிறது. வளர்ப்பு நாய் கம்பேனியன். ஒரு நூலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு நூல் கம்பேனியன். தக்காளிக்குப் பக்கத்தில் நடும் துளசியையும் தோட்டக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இவற்றில் எதையும் காம்ரேட் என்று சொல்ல ஆங்கிலேயருக்கு நா எழாது. காம்ரேட் என்றால் ஒரே ஆபத்தையோ ஒரே கொள்கையையோ தோளில் சுமப்பவர். முகமே பார்த்திராத ஒருவர்கூடக் காம்ரேட் ஆகலாம். லண்டன் தொழிலாளி பெர்லின் தொழிலாளிக்கு அப்படி விளித்துக் கடிதம் எழுதலாம். பக்கத்தில் இல்லாதவர் கம்பேனியன் ஆக முடியாது.

இன்னொரு வேறுபாடு. கம்பேனியனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் அத்தை வீட்டுப் பெண்மணி அப்படிப்பட்டவர்தான். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் வசதியான விதவைகளும் மணமாகாத மூத்த பெண்களும் இப்படி ஒருவரைத் தம்மோடு வைத்துக்கொள்வார்கள். வருபவர் நல்ல குடும்பத்தில் பிறந்து, கையில் காசில்லாமல் நின்றவராக இருப்பார். கௌரவமான வேலை என்று அவருக்கு இருந்தவை மிகச் சில. பணிப்பெண்ணின் சீருடை அவருக்குக் கிடையாது. வீட்டாரோடு ஒரே மேசையில் சாப்பிடுவார். புத்தகம் வாசித்துக் காட்டுவது, கடிதம் எழுதிக் கொடுப்பது, சீட்டாட உட்காருவது, வெளியே போகும்போது கூடப் போவது, இவையெல்லாம் அவர் வேலை. வேலைக்காரியும் இல்லை, உறவினரும் இல்லை என்ற அந்த இரண்டுங்கெட்டான் நிலை எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அந்தப் பையன் மறக்காமல் அவரை விசாரித்திருக்கிறானே, அதை நீங்கள் காப்பாற்றியே ஆக வேண்டும். தோழி என்று போட்டால் நம் வாசகர் சங்கப் பாடலில் தலைவிக்குத் தோழி இருப்பாளே, அப்படி நினைத்துக்கொள்வார். "அத்தைக்குத் துணையாக இருக்கும் அம்மையார்" என்று போடுங்கள்.

பாதிரியார் வழித்துணை. அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது. இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வழித்துணைக்கு ஆங்கிலத்தில் ஃபெலோ டிராவலர் என்றும் சொல்வார்கள். ஆனால் 1920களில் ருஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி, புரட்சியோடு ஒட்டி நடந்தும் கட்சியில் சேராத எழுத்தாளர்களைக் குறிக்க ஒரு ருஷ்யச் சொல்லைப் பயன்படுத்தினார். அதன் மொழிபெயர்ப்பாக ஃபெலோ டிராவலர் ஆங்கிலத்தில் பரவியபின், கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற பொருள் அதன்மேல் ஏறிவிட்டது. பிற்காலக் கடிதங்கள் உங்கள் கைக்கு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

யாழ்வடலி:

ஆசிரியர் ஐயா சொன்ன பானிஸ் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ரொட்டிக்கடையில் வாங்கும் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்வோம். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். அதன் தாய் அதே பானிஸ்தான். காலையில் பாணும் சம்பலும் பகிர்ந்து தின்பவர்களை ஒரு பழைய ரோமானியர் தயங்காமல் கம்பேனியன் வகையில் சேர்த்திருப்பார்.

அக்கா, எனக்குத் தோழர் என்ற சொல்லைப் பற்றித்தான் கவலை. எங்கள் ஊரில் அது இடதுசாரிக் கட்சிகளிலும் இயக்கங்களிலும் புழங்கிய விளி. அதைக் கேட்டவுடன் ஒரு தலைமுறைக்கு வேறு நினைவுகள் வரும். 1916இல் சேற்றில் இறந்த ஒரு கிராமத்துப் பையனின் தலையில் அதைச் சுமத்த வேண்டுமா?

டர்பனில் பணிபுரிபவர்:

போரில் இறந்த காம்ரேடுகளின் பெயரால் நான் வாழும் ஊரில் ஓர் ஓட்டமே நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான். கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் நெடுந்தொலைவு நடந்து திரும்பிய விக் கிளாப்ஹம் என்பவர், உடன் நடந்து உயிர்விட்டவர்களுக்குக் கல் நினைவுச்சின்னத்தைவிட உடல் வருந்தும் நினைவுச்சின்னமே தகும் என்று கருதினார். முன்னாள் படைவீரர் சங்கத்திடம் பலமுறை கேட்டு, 1921 மே 24 அன்று 34 பேருடன் முதல் ஓட்டத்தை நடத்தினார். கறுப்பினத்தவரும் இந்தியரும் பெண்களும் அதிகாரபூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் இந்தியப் படைகளும் இருந்தன, ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு அது நெஞ்சில் தைக்கிறது. ஒரே ஆபத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உரிய சொல்லைச் சிலருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றச் சொல்லும் இதே ஊரைத் தொட்டுச் சென்றிருக்கிறது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தார். டர்பனில் அவர் பெயரில் ஒரு கல்லூரி எழுந்தது. 1930இல் பிரிட்டிஷ் அரசர் அவருக்கு அளித்த விருதின் பெயர் கம்பேனியன் ஆஃப் ஆனர். அந்த விருது தொடங்கப்பட்ட ஆண்டு 1917. பிரிட்டனில் போரிலிருந்து வந்தவர்கள் காம்ரேட்ஸ் ஆஃப் த கிரேட் வார் என்று சங்கம் அமைத்ததும் அதே 1917இல்தான். அரண்மனை ஒன்றை எடுத்துக்கொண்டது, சிப்பாய்கள் மற்றொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. பாதிரியாரும் அத்தை வீட்டு அம்மையாரும் தீர்ந்தார்கள். யாழ்வடலி கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது. புதைக்கப்பட்டவனை என்னவென்று சொல்வது? சகவீரன் என்று எழுதிப் பார்த்தேன். அரசு அறிக்கை போல இருக்கிறது. ஜெர்மானியர்களின் கூச்சலையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருச்சி ஆசிரியர்:

யாழ்வடலி சொல்வது சரி. தமிழ்நாட்டிலும் அதே நிலைதான். ருஷ்யாவைப் பார்த்துவிட்டு 1932இல் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைமொழிகளுக்குப் பதிலாகத் தோழர் என்று போடும்படி கேட்டுக்கொண்டார். பொதுவுடைமையாளர்கள் மேடைதோறும் அதைக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்திலும் காம்ரேடுக்கு அரசியல் நிறம் 1880களில் சோஷலிஸ்டுகளால்தான் ஏறியது. எனக்கு அந்த வரலாற்றின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். ஆனால் உங்கள் சிப்பாய் அந்தப் பொருளில் எழுதவில்லை.

ஆகவே 'ர்' வேண்டாம், 'ன்' போடுங்கள். தோழர் என்றால் கட்சி. தோழன் என்றால் உயிர். முதல் முறை வரும் இடத்தில் "படையில் என் தோழன்" என்று எழுதிவிட்டால், பிறகு வெறும் தோழன் போதும்.

ஜெர்மானியர் கூச்சலை மொழிபெயர்க்கவே கூடாது. சரணடைகிறோம், சுடாதீர்கள் என்பதற்கு அந்தப் போரில் அவர்கள் எழுப்பிய குரல் அது. ஆங்கிலச் சிப்பாய்களும் அதை ஜெர்மன் ஒலியிலேயே எழுதினார்கள். தமிழிலும் காமராட் என்றே விட்டு, அடிக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள். அந்தக் கடிதத்தில் அவன் சுட்டானா, சுடவில்லையா என்று நீங்கள் சொல்லவில்லையே அம்மா.

வைகைக்கரை:

சுடவில்லை, ஐயா. தண்ணீர் கொடுத்திருக்கிறான். அடுத்த வரியில் அந்த ஜெர்மானியனைக் காம்ரேட் என்றும் சொல்லவில்லை, கம்பேனியன் என்றும் சொல்லவில்லை. "அந்த ஆள்" என்று மட்டும் எழுதியிருக்கிறான். நானும் அப்படியே விடுகிறேன்.