கிணறு விஷயம், இரவு 9க்குள் சொல்லவும்

குழு: நம்ம பிளாட்ஸ், மேற்கு மாம்பலம்
ஞாயிற்றுக்கிழமை

செயலாளர் (எஃப்1), காலை 7:05
அனைவருக்கும் வணக்கம். நேற்று பில்டர் ஆபீசில் பேசிய விவரம். 12 வீட்டில் 10 பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. பாக்கி ஒன்றுதான், பின்பக்கக் கிணறு. புது பிளானில் அந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது. மூடுவதில் ஆட்சேபம் இருந்தால் இன்று இரவு 9க்குள் சொல்லவும்.

எஸ்1 டல்லாஸ், 7:11
எனக்கு ஆட்சேபம் இல்லை. போர் இருக்கிறது, மெட்ரோ வாட்டர் இருக்கிறது. கிணற்றை இப்போது யார் உபயோகிக்கிறார்கள்?

எஃப்2 மாமி, 7:13
நான். தினமும். செடிக்கு.

எஃப்2 மாமி, 7:13
அங்கே சனிக்கிழமை ராத்திரிதானே? முதலில் சாப்பிட்டாயா?

எஸ்3 வாடகை, 7:31
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் ஓட்டு கிடையாது, தெரியும். ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு சந்தேகம். லேக் வியூ ரோடு என்று பெயர் இருக்கிறதே, ஏரி எங்கே? மேப்பில் தேடினால் ரயில் தண்டவாளம்தான் வருகிறது.

ஜி1 மாமா, 7:34
தம்பி, அந்தத் தண்டவாளத்தைத் தாண்டினால் ஏரிதான். இப்போது அதற்கு தி.நகர் என்று பெயர்.

எஸ்3 வாடகை, 7:35
நிஜமாகவா சார்?

ஜி1 மாமா, 7:44
நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீளமாகக் கிடந்த ஏரி. வெள்ளைக்காரன் லாங் டேங்க் என்று எழுதி வைத்தான். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் தண்ணீரை வடித்து மனை போட்டார்கள். அதனால்தான் அங்கே எங்கே திரும்பினாலும் அந்தக் கட்சிக்காரர் பெயர். தியாகராயர், பனகல் ராஜா, உஸ்மான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் ஒருவர் உண்டு. ஆரியகவுடா ரோட்டில் தினமும் காய் வாங்குகிறோமே, அவர் நீலகிரிப் படகர், ஆரி கவுடர். அவர் யார் என்று எனக்கே முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தைத் தூர்த்து வள்ளுவர் கோட்டம் கட்டினார்கள், 1976ல் திறந்தது. அங்கே டேங்க் பண்ட் ரோடு என்று ஒன்று இன்னும் இருக்கிறது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை, ரோடு மட்டும் இருக்கிறது.

எஃப்2 மாமி, 7:46
அதனால்தான் மழை வந்தால் துரைசாமி சப்வேயில் குளம் கட்டுகிறது.

ஜி1 மாமா, 7:47
சப்வே பள்ளம் மாமி. ஏரியே இல்லாத ஊரிலும் சப்வேயில் தண்ணீர் நிற்கும்.

டி3, 7:52
மாமா, அந்தக் கால மாம்பலம் பற்றி இன்னும் எழுதுங்கள். எவ்வளவு அமைதியாக, அழகாக இருந்திருக்கும்!

ஜி1 மாமா, 8:03
அழகா? கொசு அம்மா, கொசு. எங்கே ஜாகை என்று கேட்டு மாம்பலம் என்று சொன்னால், கேட்டவர் முதலில் என் காலைப் பார்ப்பார். அவ்வளவு யானைக்கால். அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் தென்படும் என்று சுகாதார ஆட்கள் ராத்திரி வந்து கதவைத் தட்டுவார்கள். தூங்குகிற குழந்தையின் விரலைப் பிடித்து ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. என் பெரியவனுக்கு அந்த டார்ச் வெளிச்சம் கண்டால் அழுகை வந்துவிடும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம்.

எஃப்2 மாமி, 8:06
இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு 2023ல் கட்டின ஆகாய நடைபாதை பிடித்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை ரங்கநாதன் தெருவில் இடி படாமல் போய் வருகிறேன். பழசெல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்பவர்கள் தண்ணீர் இறைக்காதவர்கள்.

செயலாளர் (எஃப்1), 8:10
எல்லாம் சரி. கிணறு?

ஜி1 மாமா, 8:41
அதற்குத்தான் வருகிறேன். தட்டுவதற்கு நேரமாகிறது, கண்ணாடி சரியில்லை.

நான் இங்கே 1976ல் வந்தேன். இந்த பிளாட்ஸ் கிடையாது. ஓட்டு வீடு, நடுவில் இதே கிணறு, சுற்றி ஆறு குடித்தனம், ஆறுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். ராட்டினம் கிறீச்சிட்டால் மணி நாலு என்று அர்த்தம். கடைசி போர்ஷன் பாட்டி எழுந்துவிட்டாள். அப்பளம் இட்டு விற்பவள். கயிறு எல்லோருக்கும் பொது. அறுந்தால் ஆறு வீடும் பங்கு போட்டு வாங்குவோம். யார் வாளியை உள்ளே விட்டார்கள் என்று மட்டும் தினமும் சண்டை.

1988ல் வீட்டுக்காரர் பில்டரிடம் கொடுத்தார். ஆறு பேரில் ஆபீஸ் லோன் கிடைத்தது எனக்கு ஒருவனுக்குத்தான். ஒன்றே முக்கால் லட்சம். மற்ற ஐந்து பேரும் காலி செய்தார்கள். அவர்களை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, வாடகைக்காரர்கள்தானே. பாட்டி கிளம்பின அன்று கிணற்று மேடையில் இரண்டு செம்பருத்தி வைத்துவிட்டு என் வாசலுக்கு வந்தாள். "கயிறு போன மாசம்தான் மாற்றினது, நீயே வைத்துக்கோடா" என்றாள். சரி பாட்டி என்றேன். எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு பேங்க்குக்கு மூன்று மணிக்குள் போக வேண்டும் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இடிக்கிறதற்கு முதல் கையெழுத்து போட்டவன் நான். என் மாடிப்படி, என் முழங்கால், லிஃப்ட் வேண்டும். அதனால் ஊர் கெட்டுப்போயிற்று என்று நான் பேசினால் வாய் கூசும்.

டி3, 8:44
மாமா, நீங்கள் கிரவுண்ட் ஃப்ளோர்தானே?

ஜி1 மாமா, 8:45
வாசலில் மூன்று படி இருக்கிறதே. அதுவே போதும்.

எஸ்1 டல்லாஸ், 8:50
மாமா, படிக்க மனசுக்கு என்னவோ போல இருக்கிறது. ஆனால் சென்டிமென்டுக்காக ஒரு கார் பார்க்கிங்கை விட முடியுமா?

ஜி1 மாமா, 8:58
சென்டிமென்டை விடு. 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் கரண்ட் இல்லை. போர் மோட்டார் ஓடவில்லை, மேல் தொட்டி காலி. கிணறு மேடை வரை தளும்பிக்கொண்டிருந்தது. குனிந்து வாளியால் மொண்டு 12 வீட்டு பாத்ரூமுக்கும் அதுதான். 2023 டிசம்பர் புயலிலும் அதே கதை. அதற்கு நேர் எதிர் 2003, 2004. கிணற்றில் சேறுதான். தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் ராத்திரி பதினொன்றுக்கு லாரி வந்து ஊற்றும், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அந்த வருஷம்தான் ஆளை இறக்கித் தூர் வாரினோம். வீராணம் தண்ணீர் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

எஃப்2 மாமி, 9:00
2015ல் உன் அம்மாவுக்கு மூன்று நாள் நான்தான் இரண்டு மாடி ஏறிக் கொண்டு போய்க் கொடுத்தேன். கேட்டுப் பார்.

டி3, 9:12
நான் ஒரு கணக்குப் போட்டேன். மொட்டை மாடி 3,000 சதுர அடி. சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரி 140 செ.மீ. மழை. வீணாகிறது போக மூன்று லட்சம் லிட்டராவது தேறும். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லாரி. ஜல்லியும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி கட்டி அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விடலாம். மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். புதிதாகக் குழி தோண்டுவதற்கு இருக்கிற கிணறு மேல்.

செயலாளர் (எஃப்1), 9:20
பில்டரின் இன்ஜினியரைக் கேட்டேன். முடியுமாம். மேலே கம்பி மூடி போட்டு, கைவிட்டு இறைக்க ஒரு வாசலும் வைக்கலாம் என்கிறார். ஒரு கார் குறையும்.

எஸ்1 டல்லாஸ், 9:21
யாருடைய கார்?

செயலாளர் (எஃப்1), 9:22
பிளானில் அது 4ம் நம்பர். எஸ்1.

எஸ்1 டல்லாஸ், 9:23
_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

எஃப்2 மாமி, 9:24
நான் படித்துவிட்டேன்.

எஸ்1 டல்லாஸ், 9:31
சாரி மாமி. அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

எஃப்2 மாமி, 9:32
நீ வருஷத்தில் இருபது நாள் வருகிறாய். அந்த இருபது நாளும் ஓலாவில்தான் சுற்றுகிறாய். அவ்வளவுதான், நான் எதுவும் சொல்லவில்லை.

ஜி1 மாமா, 9:40
எஸ்3 தம்பி, உங்களுக்கு எத்தனை நாள் டைம் கொடுத்திருக்கிறார்கள்?

எஸ்3 வாடகை, 9:42
இரண்டு மாதம் சார். இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. பள்ளிக்கரணை பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அநேகமாக முடிந்துவிடும்.

எஃப்2 மாமி, 9:43
அது சதுப்பு நிலமாச்சே. முதல் மாடிக்குக் கீழே எடுக்காதே.

ஜி1 மாமா, 9:44
எந்தத் தெரு, எந்த நம்பர்? இங்கேயே எழுதுங்கள். பஸ் ஏதாவது அந்தப் பக்கம் போகிறதா?

எஸ்3 வாடகை, 9:46
முடிந்ததும் அனுப்புகிறேன் சார்.

ஜி1 மாமா, 9:46
மறக்கக் கூடாது.

செயலாளர் (எஃப்1), 9:55
இன்ஜினியர் தண்ணீர் மட்டம் எத்தனை அடி, மொத்த ஆழம் எத்தனை அடி என்று கேட்கிறார். யாராவது அளந்து சொல்ல முடியுமா? நான் வெளியில் இருக்கிறேன்.

எஸ்3 வாடகை, 9:57
நான் இறங்கிப் போகிறேன். கல் கட்டி விட்டுப் பார்க்கிறேன்.

எஸ்3 வாடகை, 10:19
மேடையிலிருந்து தண்ணீர் 13 அடியில். அடி வரை 31 அடி. கல் எதிலோ 'டங்' என்று தட்டியது. உள்ளே ஒரு வாளி கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜி1 மாமா, 10:21
ஒன்றா! அது யார் விட்டது என்று இன்னும் தீரவில்லை.

எஃப்2 மாமி, 10:22
கயிறு என்னுடையது. அளந்தது போதும், கொடியில் விரித்துப் போடு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப் போகும்.