ஊரிசு பள்ளியில் படிச்ச பெரியவங்க யாராவது இருக்கீங்களா?

வேலூர் சொந்தங்களுக்கு வணக்கம். நம்ம ஊர் ஊரிசு (Voorhees) பள்ளியில படிச்ச தாத்தாவோட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பரண்ல கிடைச்சுது. ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கு. 'வட ஆற்காடு ஜில்லா'ங்கிற ஊதா முத்திரை மட்டும் அப்படியே இருக்கு.

1853ல தொடங்கின ஆற்காடு மிஷன்ங்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு நடத்தின பள்ளி, 1898ல கல்லூரியாவும் வளர்ந்துச்சு, குடியரசுத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் அந்தக் கல்லூரியில படிச்சவர். இதெல்லாம் வரலாற்றுப் புத்தகங்கள்லயே இருக்கு. எனக்கு வேண்டியது அன்றாட விஷயம். சாயங்காலம் என்ன விளையாடினாங்க? கைத்தொழில் வகுப்பு இருந்துச்சா? மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாங்களா, தூக்குச்சட்டியா?

பழைய ஆண்டு மலர், குரூப் போட்டோ இருந்தா தயவுசெஞ்சு படம் எடுத்துப் போடுங்க. 1950கள்ல படிச்ச தாத்தாமார் இருந்தா நானே வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கிறேன். அம்மாவோட எழுபதாவது பிறந்தநாளுக்குள்ள தொகுத்து அவங்க கையில கொடுக்கணும்.