கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் மீண்டதா?

கணக்கன்: 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கியபோது வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. ஆயினும், வருமான வரிப் பதிவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, பாதிக்கப்பட்டோரின் வருமானம் சில ஆண்டுகளிலேயே புயல் தீண்டாத, ஒத்த நகரங்களின் மக்கள் வருமானத்தை எட்டி, பிறகு தாண்டியும் சென்றதைக் காட்டுகிறது. நிரந்தர வீழ்ச்சி என்னும் பேச்சு மிகையானது.

கரையோரன்: நண்பரே, அந்த ஆய்வு பின்தொடர்ந்தது மனிதர்களை, நகரத்தை அன்று. அண்டை மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் போய் அங்கேயே வேலை தேடிக்கொண்டவரின் சம்பளமும் அதில் அடங்கும். 2000இல் 4,84,674 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2020இல் 3,83,997தான்.

வீடு திரும்ப முடியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. வீடுகளைச் சீரமைக்க அரசு நடத்திய ‘ரோட் ஹோம்’ உதவித் திட்டம், வீட்டின் புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொண்டது. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்குக் கூரையும் சுவர்ப்பலகையும் மின்கம்பியும் மாற்ற ஆகும் செலவு ஒன்றுதான். ஆனால் கறுப்பின மக்கள் மிகுந்த பகுதிகளில் சந்தை மதிப்பு குறைவாக இருந்ததால், அங்கிருந்த பலர் கையில் வந்த தொகை பழுதுபார்க்கும் வேலைக்குப் போதாமல் போனது. இந்த அநீதியை எந்த வருமானச் சராசரியும் காட்டாது.

கணக்கன்: அக்கணக்கு முறை தவறு என்பதை ஏற்கிறேன், வழக்கும் தொடுக்கப்பட்டு 2011இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் அது கொள்கையின் குற்றம், புயலின் குற்றம் அன்று. மேலும், 1960இல் 6,27,525 பேர் வாழ்ந்த நகரம் கத்ரீனாவுக்கு நெடுங்காலம் முன்பே தேயத் தொடங்கிவிட்டது.

வானிலை மாணவி: ஒரு நகரத்தோடு நிறுத்த வேண்டாம். 1950 முதல் 2008 வரையிலான சூறாவளிகளை உலக அளவில் ஆராய்ந்த பொருளியலாளர்கள் சியாங், ஜீனா ஆகியோர், தாக்கப்பட்ட நாடுகளின் வருமானம் இருபது ஆண்டுகள் கழிந்தும் பழைய வளர்ச்சிப் பாதைக்குத் திரும்பவில்லை என்றே கண்டனர். அமெரிக்கா தன் ஒரு நகரத்துக்குப் பெருந்தொகையைக் கொட்ட முடிந்தது. சிறிய தீவு நாட்டுக்கு அத்தகைய கருவூலம் ஏது?

கரையோரன்: கொள்கையையும் புயலையும் பிரிக்கவே முடியாது என்கிறேன், ஏனெனில் நீண்டகாலப் பொருளாதார விளைவு என்பதே இழப்பை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான். 2020இல் லாரா சூறாவளியும் 2021இல் ஐடா சூறாவளியும் தாக்கிய பின் லூசியானாவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப் போயின. எஞ்சியவை பிரீமியத்தைக் கடுமையாக உயர்த்தின. காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. அரும்பாடுபட்டு வீட்டை மீண்டும் கட்டியவர்கூட, இன்று அதை வைத்திருக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவிக்கும்போது, மீட்சி முடிந்தது என்று நீங்கள் எந்த ஆண்டைக் குறிப்பிடுவீர்கள்?