‘ஆயா வீடு’ குழு: குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி

சுமதி (இரவு 9:48): யாராவது விழித்திருக்கிறீர்களா? யாழினிக்குக் காது வலி. வலது காது. சாயங்காலத்திலிருந்து அழுகிறாள். வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பாபு சித்தப்பா: மணி பத்துகூட ஆகவில்லை. இந்தக் குடும்பத்தில் இந்த நேரத்துக்கு யார் தூங்கினார்கள்

கலா அத்தை: அய்யோ பாவம். நாளைக்கு சிரசு வேறு

பெரியப்பா: சுமதி, பதறாதே. நான் சொல்வதை வரிசையாகச் செய். நாட்டுப் பூண்டு மூன்று பல் எடுத்துத் தோலோடு நசுக்கு. இரும்புக் கரண்டியில் செக்கு நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு, பூண்டு சிவக்கும் வரை சிறு தீயில் காய்ச்சு. கருகவிடாதே. வடிகட்டி, புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு காதில் விடு. பூண்டு இல்லையென்றால் துளசிச் சாறு. அதுவும் இல்லையென்றால் நம் கொல்லை வேலியோரம் இருக்கிறதே மருள், அதன் மடலை அனலில் வாட்டிப் பிழிந்தால் சாறு வரும். எங்கள் ஐந்து பேருக்கும் அப்பா அதைத்தான் விட்டார். கற்பூரவல்லி இலையையும் அப்படியே வாட்டலாம். சுக்கை உரசிக் காதுக்குப் பின்னால் பற்றுப் போடு. நொச்சி இலையைத் தலையணைக்கு அடியில் வை.

பாபு சித்தப்பா: காட்பாடியில் மூன்றாவது மாடி. வேலியோர மருளுக்கு அவள் எங்கே போவாள் அண்ணா

பெரியப்பா: தொட்டியில் வைக்கச் சொல்லி ஆறு வருஷமாகச் சொல்கிறேன்.

ரேவதி அண்ணி: சுமதி, காதுக்குள் எதையும் விடாதே. விட்டுவிட்டாயா?

சுமதி: இன்னும் இல்லை அண்ணி. எண்ணெய் அடுப்பில் இருக்கிறது

ரேவதி அண்ணி: அடுப்பை அணை. சளி, காய்ச்சல்? காதிலிருந்து சீழோ தண்ணீரோ வருகிறதா?

சுமதி: சளி இல்லை. காய்ச்சல் 99. எதுவும் வரவில்லை

ரேவதி அண்ணி: காது மடலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்.

சுமதி: கீழ் வீட்டுக்காரர் ‘என்னாச்சு’ என்று கேட்கிறார்

ரேவதி அண்ணி: அப்போ பெரும்பாலும் வெளிக்காது. நடுக்காதில் பிரச்சினை என்றால் மடலை இழுத்தால் இப்படிக் கத்த மாட்டாள். தண்ணீரில் ஆடினாளா?

சுமதி: ஞாயிற்றுக்கிழமை. கிணற்றில்

கலா அத்தை: எந்தக் கிணறு

சுமதி: நம் நிலத்துக் கிணறு அத்தை. கார்த்தி நீச்சல் சொல்லிக் கொடுத்தான்

கார்த்தி: ட்யூப் கட்டித்தான் இறக்கினேன். மூன்று மணி நேரம் ஏறவே மாட்டேன் என்றது அவள்தான்

கலா அத்தை: நம் நிலமா. சரி சரி. எனக்கு அதில் பங்கில்லை என்று எழுதி வாங்கியாகிவிட்டது, நான் என்ன சொல்ல

பெரியப்பா: கலா, அது இங்கே வேண்டாம்.

கலா அத்தை: நான் காது வலியைப் பற்றித்தான் பேசுகிறேன் அண்ணா

ரேவதி அண்ணி: பெரிய மாமா கோபித்துக்கொள்ளாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும். வெளியே இருந்து பார்த்தால் நமக்குத் தெரியாது. ஏற்கெனவே தண்ணீரில் ஊறின காது, எண்ணெய் விட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பட்ஸும் போடாதே சுமதி.

பெரியப்பா: காதில் பூச்சி போனால் எண்ணெய்தானே விடுகிறோம்?

ரேவதி அண்ணி: உயிரோடு பூச்சி போனால் விடலாம் மாமா. அதுவும் செவிப்பறை நன்றாக இருந்தால்.

பெரியப்பா: பார்த்தீர்களா. அவளே எண்ணெய் என்று சொல்கிறாள்.

பாபு சித்தப்பா: 😂😂

பாபு சித்தப்பா: எனக்குப் போன வருஷம் காது வலி வந்ததே, அண்ணன் சொன்ன எல்லாம் செய்தேன். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்

ரேவதி அண்ணி: ஒத்தடம் கொடு, அது நல்லது. சுக்குப் பற்று வெளியேதானே, எரிந்தால் துடைத்துவிடு. எடை எவ்வளவு?

சுமதி: 20 கிலோ

ரேவதி அண்ணி: பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 300. பாட்டிலில் 5 மில்லிக்கு 250 என்று போட்டிருந்தால் 6 மில்லி. 120 என்று இருந்தால் கணக்கு மாறும், படித்துப் பார்த்துக் கொடு. சாயங்காலம் எதுவும் கொடுக்கவில்லையே?

சுமதி: இல்லை. 250தான்

கலா அத்தை: கல் உப்பை வெறும் தோசைக்கல்லில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்துகொள். உன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பத்து எண்ணு. உனக்குப் பொறுத்தால்தான் அவளுக்கு

சுமதி: வீட்டில் தூள் உப்புதான் அத்தை. வேட்டியும் இல்லை, அவர் லுங்கிதான்

கலா அத்தை: இரண்டு மடிப்பாக முடி. தூள் ஒழுகிக் காதுக்குள் போகும்

கார்த்தி: ஆயா பேசச் சொல்லுது. சொல்லச் சொல்ல அப்படியே அடிக்கிறேன்: “ஏம்மா சுமதி, உங்க பெரியப்பன் பேச்சைக் கேட்டு எதையும் ஊத்தாதே. எனக்கு எட்டு வயசிலே எங்க அம்மா ஊமத்தை இலை போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தினா. கையிலே தொட்டுக்கூடப் பாக்கலை. அன்னிக்குப் போனதுதான் இந்த இடது காது. உங்க தாத்தா அம்பது வருஷமும் வலது பக்கமா உக்காந்துதான் சண்டை போட்டாரு.”

பாபு சித்தப்பா: இடது பக்கம் உட்கார்ந்திருந்தால் அம்மா நிம்மதியாக இருந்திருக்கும்

கலா அத்தை: அம்மா இதை எனக்குச் சொன்னதே இல்லை. பிறவியிலேயே அப்படி என்றுதான் நினைத்திருந்தேன்

கார்த்தி: நீங்கள் கேட்டதே இல்லையாம் அத்தை

பெரியப்பா: ஊமத்தை விஷம். நான் ஊமத்தை என்று எங்கேயும் எழுதவில்லை. மேலே போய்ப் படிக்கலாம்.

சுமதி (10:41): மருந்து கொடுத்துவிட்டேன். உப்பு முடிச்சை அவளே பிடித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே நறநற என்று சத்தம் கேட்கிறதாம், கடல் என்கிறாள்

ரேவதி அண்ணி: நல்லது. காலையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு, சொட்டு மருந்து அவர் எழுதினால் மட்டும். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் 102 தாண்டினாலோ விடியும் வரை காத்திருக்காதே. என்னைக் கூப்பிடு, டியூட்டியில்தான் இருக்கிறேன்.

சுமதி: நாளைக்கு உள்ளூர் விடுமுறை ஆயிற்றே. கிளினிக் திறப்பார்களா

கலா அத்தை: ஆற்காட்டுக்கு அழைத்து வா. எங்களுக்கு லீவு கிடையாது. 2019இல் எங்களை ராணிப்பேட்டை மாவட்டம் ஆக்கிவிட்டார்களே

பாபு சித்தப்பா: குடியாத்தத்துக்கு வர இருந்தவளை எதிர்த்திசையில் இழுக்கிறாய்

பாபு சித்தப்பா: சரி, வேன் எத்தனை மணிக்கு?

பெரியப்பா: முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்பட்டுவிட்டால் கோபாலபுரம் வரைக்கும் வண்டி நுழையாது. ரோடு முழுக்கத் தேங்காய் ஓடு. ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும்.

பாபு சித்தப்பா: ஆறு மணிக்கு டிரைவர் எழுந்திருக்க மாட்டார். ஆறரை

கலா அத்தை: வேனுக்கு யார் பணம் கொடுத்தது? போன வருஷப் பாக்கியே எனக்கு வரவில்லை

கார்த்தி: ராத்திரி வாணவேடிக்கை இருக்கு. காது வலியோடு யாழினி எப்படி?

சுமதி: அதைத்தான் யோசிக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு மத்தியானம் வருகிறோம், இல்லையென்றால் அவர் மட்டும் வருவார்

பெரியப்பா: மாவிளக்குக்கு வெல்லம் உன்னிடம்தானே இருக்கிறது?

சுமதி: ஆமாம் பெரியப்பா. அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்

ரேவதி அண்ணி: குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாயில் வை. டாக்டர் சரி என்று சொல்லும் வரை கிணறு கிடையாது. கார்த்தி, உனக்கும்தான்.

கார்த்தி: எனக்கு எதுக்கு அண்ணி 🙄

சுமதி (11:20): தூங்கிவிட்டாள். முடிச்சைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை

கலா அத்தை: 🙏 அம்மா தாயே

பெரியப்பா: காய்ச்சின பூண்டு எண்ணெயை என்ன செய்தாய்? கொட்டிவிடாதே, மூன்று நாள் இருக்கும்.

சுமதி: அவர் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டார் பெரியப்பா

பெரியப்பா: அதுவும் வாயுவுக்கு நல்லதுதான்.

பாபு சித்தப்பா: ஆறா, ஆறரையா? டிரைவர் கேட்கிறார்