கிறிஸ்தவ நாவல்: மனந்திரும்பும் காட்சி பிரசங்கமாகிறது, வசன அனுமதி, பதிப்பகமா கிண்டிலா?

கன்னிநாவல்:
65,000 சொற்களில் முதல் வரைவு முடிந்திருக்கிறது. கதை நடப்பது 1958. வேதாகமக் கல்லூரியைப் பாதியில் விட்டவன், படுத்த படுக்கையான அப்பாவைக் கவனிக்க வீடு திரும்புகிறான். அப்பா சீர்திருத்த சபைப் போதகர். பக்கத்து வீட்டு அம்மா கத்தோலிக்கர். படித்துப் பார்த்த இரண்டு பேரும் 19-ஆம் அத்தியாயம், அதாவது அவன் மனந்திரும்பும் இடம், பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது? வேத வசனங்களையும் பாட்டு வரிகளையும் சேர்க்க அனுமதி வேண்டுமா? கிறிஸ்தவப் பதிப்பகம், பொதுப் பதிப்பகம், கிண்டில் (அமேசானின் மின்னூல் தளம்), எது சரி?

ஓரக்குறிப்பு:
19-ஐ அப்படியே வைத்துவிட்டு முந்தைய அத்தியாயங்களைத் திறங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவன் எதை விடவே மாட்டான் என்பது முன்னாலேயே தெரிந்திருந்தால், அதை விடுகிற ஒரு செயல் போதும். தெரியாவிட்டால் அந்த இடத்தைப் பேச்சால்தான் நிரப்ப வேண்டிவரும்.

சோதிக்க ஒரு வழி: அவன் பேசுகிற ஒரு வரியை அவன் வாயிலிருந்து எடுத்து வேறொரு பாத்திரத்தின் வாயில் வையுங்கள். அங்கேயும் பொருந்தினால் பேசுவது நீங்கள்தான்.

இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “அப்பா, தேவனுடைய கிருபை எவ்வளவு பெரியதென்று இன்றைக்குத்தான் புரிந்தது.” இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பதிலாக:

மருந்து வழிந்து தலையணை உறை நனைந்திருந்தது. மாற்றினான். பிறகு அலமாரியிலிருந்து அப்பாவின் வேதாகமத்தை எடுத்தான். “எதுல விட்டீங்கப்பா?” நாடா யோபுவில் கிடந்தது. “நீளமாச்சேப்பா.” “நேரம் இருக்கு,” என்றார் அப்பா.

கிருபை என்ற சொல் இல்லை. ஆனால் ஓடிப்போனவன் உட்கார்ந்து வாசிக்கப் போகிறான்.

இன்னொன்று, ஜெபம். ஜெபம் கதைக்குள் சிக்கலைக் கொண்டுவரலாம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் சிக்கலை அவிழ்க்கிற சாவியாக வரக்கூடாது. அற்புதத்தை நம்புகிற வாசகருக்கும் அது ஏமாற்றாகத்தான் தெரியும். அவநம்பிக்கையாளன் இருந்தால், அவன் தரப்பின் மிக வலுவான வாதத்தை அவனுக்கே கொடுங்கள். மொக்கை வாதத்தை வைத்துவிட்டு ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

பிழைதிருத்தி:
1958 என்றதும் எனக்குச் சொற்கள்தான் கவலை. போதகரை அந்தக் காலத்துச் சபையார் பலர் ‘ஐயர்’ என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் குரு ‘சாமியார்’. கோயில் வழிபாடு அவருக்குப் பூசை. ‘திருப்பலி’ என்று போடாதீர்கள். பூசை லத்தீனில் நடக்கும், குரு பீடத்தைப் பார்த்து நிற்பார். இதெல்லாம் மாற வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியதே 1962-65-இல்தான். நற்கருணைக்கு (பூசையில் அப்பம் வாங்குவதற்கு) நள்ளிரவிலிருந்து பட்டினி என்று எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்: 1957-இல் அந்த விதி மூன்று மணி நேரமாகக் குறைந்துவிட்டது. பழக்கத்தை விடாத அம்மா என்றால் நள்ளிரவிலிருந்தே இருக்கட்டும், நல்ல குணச்சித்திரம்.

பேதுருவும் பவுலும் அவர் வாயில் இராயப்பர், சின்னப்பர். யோவான் அருளப்பர். போதகரின் 23-ஆம் சங்கீதம் பழைய கத்தோலிக்க எண்ணிக்கையில் 22. இருவரும் எண்ணைச் சொல்லிக் குழம்புகிற ஒரு காட்சிக்கே இதில் இடமிருக்கிறது.

வேத வசனத்துக்கு வருவோம். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்பது 1871-இல் வந்த ஹென்றி பவர் மொழிபெயர்ப்பின் வழி வருவது. “ஆண்டவரே என் ஆயர்” என்பது 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு. இரண்டாவதை உங்கள் கதையில் யாரும் சொல்ல முடியாது. முதலாவது காலத்துக்கும் பொருந்தும், பழையது என்பதால் உரிமைச் சிக்கலும் இல்லை. ஆனால் இன்றைய அச்சுப் பதிப்புகளில் உள்ள அடிக்குறிப்பு, முன்னுரை எதையும் நகலெடுக்காதீர்கள். அவற்றின் உரிமை தனி.

பாட்டு: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர், அவர் பாடல்களைத் தாராளமாக எடுக்கலாம். மொழிபெயர்ப்புப் பாமாலைகளில் மூலத்துக்கு உரிமை முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்கு முடியாமல் இருக்கலாம். சந்தேகமா, பாட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

கன்னிநாவல்:
‘திருப்பலி’ பதினோரு இடத்தில் இருக்கிறது! மாற்றுகிறேன். வெளியீடு பற்றி யாராவது?

அச்சுக்கோப்பு:
கிறிஸ்தவப் பதிப்பகத்துக்கு அனுப்புமுன் அவர்கள் பட்டியலில் கடந்த மூன்று ஆண்டில் நாவல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தியான நூல்களும் சாட்சி நூல்களும் மட்டும் என்றால் உங்கள் கையெழுத்துப்படி மேசையிலேயே கிடக்கும். நாவல் போடுகிறவர்கள் என்றால் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் (முடிவையும் சொல்லிவிட வேண்டும்), முதல் மூன்று அத்தியாயம், யார் படிப்பார்கள் என்று ஒரு பத்தி. பொதுப் பதிப்பகத்துக்கு அதே கட்டு போதும். முகப்புக் கடிதத்தில் மட்டும் உங்கள் ஊழியத்தை விட்டுவிட்டு அப்பா-மகன் மோதலைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் தனித்தனியாக இருக்கட்டும். விற்பனை நின்றால் உரிமை திரும்பும் என்ற ஷரத்தும் வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால் அது அச்சுச் சேவை, பதிப்பகம் இல்லை.

கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், ஐஎஸ்பிஎன் (நூல் அடையாள எண்) கட்டாயமில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் ‘கௌ’ எல்லாம் ‘கெள’ ஆகியிருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது. அட்டை அகலம் 1600, உயரம் 2560 பிக்சல். வகையில் ‘மதம்’ என்று போட்டால் தியான நூல்களுக்கு நடுவே தொலைந்துபோகும். புனைவுக்குக் கீழே கிறிஸ்தவ வரலாற்றுப் புனைவைத் தேர்ந்தெடுங்கள். கிண்டிலில் மட்டுமே விற்கிற ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் அந்த 90 நாள் மின்வடிவை வேறெங்கும் வைக்கக்கூடாது, உங்கள் வலைப்பூவில் தொடராகப் போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும்.

ஓரக்குறிப்பு:
ஒன்று விட்டுப்போனது. அப்பா ஜெபப் புத்தகம் வைத்து ஆராதனை நடத்துகிற மரபென்றால் அவருடைய ஜெபம் மனப்பாடமாக, நீளமாக, தங்குதடையின்றி வரும். முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு, கேட்கிறவன் கை என்ன செய்கிறது என்று காட்டுங்கள். மகனுடைய ஜெபம் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடட்டும்.