46 ஹெர்ட்ஸில் கோடு: ரோட்டர் பார் உடைந்ததா, பெல்ட்டா?

கதம்பைமில்_ஈத்தாமொழி:
அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேணும். மில்லில் கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) நார் உரிக்கிற மெஷினுக்கு 10 எச்பி, 4 போல் மோட்டார், பெல்ட் டிரைவ். பிளேட்டில் 1440 ஆர்பிஎம். கொஞ்ச நாளாக அம்மீட்டர் முள் ஆடுகிறது, சத்தமும் ஏறி இறங்குகிறது. ஒருத்தர் வந்து ஒரு பேஸில் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மாட்டி, லேப்டாப்பில் 2 செகண்ட் பதிவு எடுத்து, அலைவரிசை வாரியாக வரைபடம் காட்டினார். 50 ஹெர்ட்ஸ் மெயின் கோட்டுக்கு இரண்டு பக்கமும், 46-லும் 54-லும் குட்டிக் கோடுகள். 46-இல் இருப்பது மெயினுக்கு 41 டெசிபல் கீழே. "பார் போச்சு, ரோட்டரை மாத்துங்க" என்கிறார்; சுழலும் ரோட்டருக்குள் இருக்கிற உலோகக் கம்பி உடைந்ததாம். மாற்றவா?

கரண்ட்_கோடு:
பார் உடைந்தால் ஸ்டேட்டர் (சுழலாத வெளிச்சுருள்) கரண்ட், ஸ்லிப் அலைவரிசையின் இரு மடங்கில் ஏறி இறங்கும். 4 போல் மோட்டாரின் காந்தப்புலம் 1500-இல் சுற்றும், ரோட்டர் 1440-இல்; இந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப், இங்கே 4 சதவீதம். 50-இல் 4 சதவீதம் 2, அதன் இரு மடங்கு 4. ஆக 46, 54. வித்தியாசம் 50 டெசிபலைத் தாண்டினால் பொதுவாகக் கவலை இல்லை. 40-ஐ நெருங்கினால் சந்தேகப்பட வேண்டியதுதான். மில்லை நிறுத்தாமலே இவ்வளவும் தெரிகிறது. ஆனால் இதெல்லாம் பிளேட் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஓடும்போது வேகம் எவ்வளவு?

தக்கலை_வைண்டிங்:
அதைத்தான் முதலில் கேட்டிருக்கணும் தம்பி. 1440 ஃபுல் லோடு வேகம். கதம்பை போடுகிற ஆளின் கை வேகத்துக்கு லோடு மாறும். வரைபடத்தைக் காட்டி ரோட்டர் விற்கிறவங்களை நிறைய பாத்தாச்சு. புல்லி சைஸ், பெல்ட் நீளம் சொல்லுங்க.

கதம்பைமில்_ஈத்தாமொழி:
மோட்டார் புல்லி 8 இன்ச், பெல்ட் சுற்றளவு 4 மீட்டர். டாக்கோமீட்டர் பிடித்தேன், வழக்கமாகக் கதம்பை போடும்போது 1470.

தக்கலை_வைண்டிங்:
அப்போ ஸ்லிப் 2 சதவீதம். பார் கோடு 48-லும் 52-லும் வரணும், 46-இல் அதுக்கு வேலை இல்லை. பெல்ட்டைப் பாருங்க: புல்லி ஒரு சுற்றுக்குச் சுமார் 64 செ.மீ. இழுக்கும், செகண்டுக்கு 24.5 சுற்று, மொத்தம் 15.6 மீட்டர். 4 மீட்டர் பெல்ட் செகண்டுக்கு 3.9 தடவை சுற்றி வருது. ஒவ்வொரு சுற்றுக்கும் லோடு ஒரு தடவை ஆடினா, 50-இல் அதைக் கழிச்ச இடத்தில் கோடு வரும்: 46.1. பெல்ட்டில் எங்கேயோ தடிப்போ கிழிசலோ இருக்கு. இதுக்குப் போய் ரோட்டரா?

கரண்ட்_கோடு:
கணக்கு சரி அண்ணாச்சி. ஆனால் பெல்ட்டைக் காட்டிக்கொடுத்ததும் அதே கரண்ட் கோடுதானே? தப்பு, வேகத்தை அளக்காமல் தீர்ப்பு சொன்ன ஆள் மேல். பார் நல்லா இருக்கு என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. 2 செகண்ட் பதிவில் 48-இல் சின்னக் கோடு இருந்தாலும் 50-இன் அடிவாரத்தில் மூழ்கிவிடலாம்; 20 செகண்டாவது வேணும். லோடை ஏற்றி 1450-க்குக் கொண்டுவாங்க: பார் கோடு 46.7-க்கு நகரும், பெல்ட் கோடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும்.

தக்கலை_வைண்டிங்:
சீரா லோடு கொடுக்க அது என்ன தண்ணி பம்பா? மோட்டாரை பெஞ்சில் வைத்து, ஒரு பேஸுக்கு மட்டும் குறைஞ்ச வோல்டேஜ் கொடுத்து, ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பினா போதும். பார் உடைஞ்சா அம்மீட்டர் முள் ஆடிக் காட்டும்.

கரண்ட்_கோடு:
நல்ல டெஸ்ட்தான். ஆனால் சூட்டிலும் சுழற்சியிலும் மட்டும் விரிகிற வெடிப்பு, ஆறினதும் ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். வார்ப்பு அலுமினிய ரோட்டரில் பார் முழுக்க உள்ளே, திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

முப்பந்தல்_காற்று:
குறுக்கே வருகிறேன். பழைய காற்றாலைகளில் இருப்பது இதே வகை இண்டக்‌ஷன் மெஷின், ஜெனரேட்டராக 1500-க்கு மேலே ஓடும், கணக்கு மாறாது. காற்று தாறுமாறாக அடிக்கும்போது எடுத்த பதிவை நாங்கள் சீண்டுவதே இல்லை. கதம்பையை ஒரே ஆள் ஒரே சீராகப் போடட்டும், அப்புறம் பதிவு எடுங்க.

கதம்பைமில்_ஈத்தாமொழி:
சரி, முதலில் புது பெல்ட். அப்புறம் டாக்கோவும் கையுமாக நின்று 20 செகண்ட் பதிவு.

தக்கலை_வைண்டிங்:
எடுங்க, வேண்டாம்னு சொல்லல. 48-இல் ஏதாவது தலை காட்டினா மோட்டாரைக் கடைக்குக் கொண்டு வாங்க. க்ரௌலரில் (ரோட்டரைச் சோதிக்கிற மின்காந்தக் கருவி) வைத்து நான் பார்க்கிறதுக்கு முன்னாடி ரோட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திராதீங்க.