சோவியத் கால வெளியேற்றங்களைத் தமிழில் எழுத உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சோவியத் ஒன்றியத்தில் மக்கள் இனம் இனமாகப் பெயர்த்தெறியப்பட்ட வரலாற்றைக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். சொற்களைத் தேர்வதில் தடுமாறி நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

1937இல் சோவியத் ஒன்றியத்தின் தூரக்கிழக்குப் பகுதியிலிருந்த கொரியர்களும், 1944 பிப்ரவரியில் செச்செனியரும் இங்குஷியரும், அதே ஆண்டு மே மாதத்தில் கிரிமியத் தாத்தாரியரும் அன்று ஒன்றியத்துக்குள்ளேயே இருந்த மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டனர். நாட்டின் எல்லைக்குள்ளேயே இது நடந்ததால் ‘நாடுகடத்தல்’ பொருந்தவில்லை. ‘இடப்பெயர்வு’ என்றாலோ, அவர்கள் தாமாகவே புறப்பட்டுப் போனது போன்ற தொனி வந்து, சரக்கு ரயில்களில் அவர்களை ஏற்றியவர்களின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போதைக்குக் ‘கட்டாய வெளியேற்றம்’ என்றே எழுதியிருக்கிறேன்.

அதைவிடக் கடினமானது, அரசு அவர்களுக்கு இட்ட பெயர். ‘சிறப்புக் குடியேறிகள்’ என்று நேராகப் பெயர்த்தால் ஏதோ சலுகை பெற்றவர்கள் போல ஒலிக்கிறது. உண்மையில் அவர்கள் கண்காணிப்பு அலுவலரிடம் தவறாமல் பதிவு செய்ய வேண்டியிருந்தது. குடியிருப்பை விட்டுத் தப்பினால் 20 ஆண்டு கடுங்காவல் என்று 1948 நவம்பர் ஆணை விதித்தது. செச்செனியர் 1957 முதல் திரும்ப முடிந்தது. தாத்தாரியரோ 1980களின் இறுதிவரை காத்திருந்தனர்.

நான் தடுமாறும் இன்னொரு சொல் ‘குலாக்’ (kulak; சிறை முகாம்களைக் குறிக்கும் Gulag அல்ல). இதைப் ‘பணக்கார விவசாயி’ என எழுதலாமா? கூட்டுப்பண்ணையை எதிர்த்த ஏழைகள்மீதும் அந்த முத்திரை குத்தப்பட்டதே என்பதுதான் என் தயக்கம்.

ரஷ்ய மொழி அறிந்தவர்களும் மொழிபெயர்ப்பு அனுபவமுள்ளவர்களும் தாங்கள் பயன்படுத்திய சொற்களைக் காரணத்துடன் தெரிவித்தால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.